அலுமினியத் தகட்டு ஓரம்: பிசிறு எடுத்த பிறகும் கை கிழிக்கிறது, மடிப்பில் விரிசல் – எங்கே கோளாறு?

வெண்தகடு:
வணக்கம் நண்பர்களே. வேலை இதுதான்: 5052-எச்32 (ஒரு அலுமினியக் கலவை ரகம்), 1.6 மி.மீ. தகடு. 120 x 80 மி.மீ. அளவில் 60 பிராக்கெட். ஒவ்வொன்றிலும் நான்கு 3.3 மி.மீ. ரிவெட் துளை, நடுவில் ஒரு 20 மி.மீ. துளை, ஒரு 90 டிகிரி மடிப்பு. ஷியரிங் மெஷினில் வெட்டி, பஞ்ச் அடித்து, மடித்து, கடைசியாக ஃபைலால் ஓரம் தேய்த்துப் பவுடர் கோட்டிங்குக்குப் போகிறது.

மூன்று குறை இருக்கிறது. மடிப்பின் இரண்டு முனையிலும் மயிரிழை விரிசல். கோட்டிங் ஓரங்களில் மெலிந்து வெள்ளையாகத் தெரிகிறது. ஃபைல் போட்ட பிறகும் ஓரத்தில் கை வைத்தால் கிழிக்கிறது. பெல்ட் கிரைண்டர் வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று ஒரு யோசனை. சரியா?

அரம்பிடி:
மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். மடித்த பிறகு பிசிறு, அதாவது வெட்டிய ஓரத்தில் துருத்தி நிற்கும் உலோகம், எடுக்கிறீர்கள். ஓரவேலை முழுவதும் மடிப்புக்கு முன்னாலேயே முடிய வேண்டும். மடிக்கும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது. அந்த இழுவையில் ஓரத்திலுள்ள ஒவ்வொரு பிசிறும் ஒவ்வொரு கீறலும் விரிசலுக்குத் தொடக்கப் புள்ளி. 1.6 மி.மீ. 5052-எச்32 உள் ஆரம் தகட்டுத் தடிமன் அளவுக்கு இருந்தாலே மடங்கக்கூடிய உலோகம். அது முனையில் மட்டும் விரிகிறது என்றால் உலோகத்தைக் குறை சொல்ல முடியாது, ஓரத்தைத்தான் பார்க்கணும். நடுப்பகுதியிலும் விரிசல் இருந்தால் ஆரமும் தகட்டின் உருட்டுத் திசையும் (ஆலையில் தகட்டை உருட்டிய திசை) சந்தேகத்துக்குரியவை.

இன்னொன்று: பிசிறு உள்ள பக்கத்தை மடிப்பின் உள்ளே வையுங்கள். உள்ளே அமுக்கம்தான் வரும், இழுவை வராது. பிசிறு எடுத்த பிறகும் இதே பழக்கம் நல்லது, ஏனென்றால் அந்தப் பக்கத்து உலோகம்தான் வெட்டும்போது அதிகம் சிதைந்தது.

கை கிழிக்கிறதுக்குக் காரணம் இரண்டாம் பிசிறு. ஓரத்தின் முகத்தை ஃபைலால் தட்டையாகத் தேய்த்தால் பழைய பிசிறு போகும். ஆனால் தேய்த்த உலோகம் இரு பக்கமும் மெல்லிய நாக்காக வழியும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். முகத்தைத் தேய்த்ததோடு நிறுத்தினால் பாதி வேலைதான்.

பஞ்ச்டை:
ஃபைலை எடுக்கும் முன் பிசிறு எவ்வளவு பெரிசு என்று பாருங்க சார். ஷியரிங்கில் கழன்று விழும் துண்டுக்குப் பிசிறு மேல்பக்கம் நிற்கும், மேசையில் தங்கும் தகட்டுக்குக் கீழ்ப்பக்கம் நிற்கும். பஞ்ச் துளைக்கு டை (பஞ்ச் இறங்கும் கீழ் அச்சு) பக்கம் வரும். இதைத் தெரிந்து வெட்டினால் எல்லாப் பிசிறையும் ஒரே பக்கம் வருகிற மாதிரி திட்டமிடலாம். அப்புறம் ஒரு பக்கம்தான் முக்கிய வேலை, மறுபக்கம் லேசாகத் தொட்டால் போதும்.

பிசிறு 0.1 மி.மீ.க்கு மேல் போனால் பிளேடையும் டையையும் கவனிக்கணும். இந்தத் தகட்டுக்குப் பஞ்ச்-டை மொத்த இடைவெளி தடிமனில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 0.16 முதல் 0.24 மி.மீ. இடைவெளி கூடினால் உலோகம் வளைந்து இழுபட்டுக் கிழிகிறது, பிசிறு உயரமாகிறது. குறைந்தால் துளைச் சுவரில் இரண்டாவது வெட்டுத்தடம் விழும், பஞ்சும் சீக்கிரம் தேயும். மழுங்கின பஞ்ச் எந்த இடைவெளியிலும் பிசிறுதான் தரும். 60 துண்டில் உயரமான பிசிறை ஃபைலால் துரத்துவதைவிடப் பஞ்சை ஒருமுறை சாணை பிடிப்பது குறைந்த வேலை.

கைக்கத்தரியில் வெட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு வெட்டிலும் வாயை முழுக்க மூடாதீங்க. முனை மூடும் இடத்தில் ஓரத்தில் ஒரு வெட்டுக்காயம் விழுகிறது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

அரம்பிடி:
பஞ்ச்டை சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இனி கைவேலை.

தகட்டை வைஸில் நேராகக் கடிக்க விடாதீர்கள். இரு பக்கமும் மரச்சட்டம் வைத்து, 3-4 மி.மீ. மட்டும் மேலே நீட்டிக்கொண்டு இருக்கட்டும். அதற்கு மேல் நீட்டினால் தகடு அதிரும், ஓரத்தில் சம இடைவெளியில் அதிர்வுத் தடம் விழும்.

முதலில் முகம். ஒற்றை வெட்டு ஸ்மூத் ஃபைலை ஓரத்துக்குக் குறுக்காகப் பிடித்து, இரு கையாலும் ஓரத்தின் நீளவாக்கில் இழுங்கள். ஷியரிங் விட்ட கிழிசல் பகுதி மறைந்து, முகம் முழுக்க ஒரே மினுக்காக வரும்வரை. முரட்டு இரட்டை வெட்டு ஃபைலைக் குறுக்கே தள்ளினால் ஓரத்தில் குறுக்குக் கீறல்தான் மிஞ்சும். மடிப்பில் விரிவது அந்தக் கீறல்தான். கடைசித் தேய்ப்பு எப்போதும் நீளவாக்கில்.

அடுத்து முகம் தகட்டுப் பரப்பைச் சந்திக்கும் இரண்டு மூலையையும் 45 டிகிரியில் இரண்டு இழுப்பு, அவ்வளவே. மூன்றாவதாக 320 உப்புத்தாள். கட்டை மரத்துண்டில் ரம்பத்தால் ஒரு பள்ளம் போட்டு, உப்புத்தாளை மடித்து அதில் செருகினால் முகமும் இரு மூலையும் ஒரே இழுப்பில் உருண்டுவிடும். பள்ளத்தின் அடியில் தாள் கிழிய ஆரம்பித்ததும் அரை அங்குலம் நகர்த்திக்கொள்ளுங்கள். கிழிந்த தாளின் மடிப்பு ஓரத்தைத் தொடாது, அப்புறம் தேய்த்ததாக நினைப்பதுதான் மிச்சம்.

அலுமினியம் ஃபைலின் பல்லில் அப்பும். அப்பிய துணுக்கு அடுத்த இழுப்பில் ஆழமான கோடு கீறும். ஃபைலில் சாக்பீஸ் தேய்த்துவிட்டு ஆரம்பியுங்கள், பத்துப் பதினைந்து இழுப்புக்கு ஒருமுறை கம்பி பிரஷால் பல்லின் திசையில் துடையுங்கள்.

வெண்தகடு:
நன்றி அண்ணா. 60 துண்டுக்கு இந்த வேகம் தாங்குமா? பெல்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே.

சக்கரமேசை:
பெல்ட் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் குறைக்கு அது மருந்தல்ல. பெல்ட் உலோகத்தை எடுக்கும், எடுத்ததைப் பெல்ட் ஓடும் திசையில் இரண்டாம் பிசிறாகத் தள்ளிவிடும். பெல்ட்டுக்குப் பிறகு இன்னொரு கருவி தேவைப்படுவது உறுதி.

இந்த அளவு வேலைக்கு நெய்யாத நைலான் சக்கரம், ஸ்காட்ச்-பிரைட் வகை. 150 மி.மீ. விட்டம், 25 மி.மீ. அகலம், கெட்டியான ரகம், நடுத்தர அல்லது நுண்ணிய துகள். சாதாரண பெஞ்ச் கிரைண்டரில் கல்லைக் கழற்றிவிட்டு மாட்டலாம். 50 ஹெர்ட்ஸ் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2850 சுற்று ஓடும், விளிம்பு வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர், இதற்குப் போதுமானது. சக்கரத்தில் எழுதியிருக்கும் அதிகபட்சச் சுற்றைப் பாருங்கள், அம்புக்குறியின் திசையில் மாட்டுங்கள். மெத்தென்ற ரகம் வாங்கினால் தகட்டு ஓரம் சக்கரத்தையே வெட்டிப் பள்ளமாக்கிவிடும்.

பிடிக்கும் முறை முக்கியம். தகட்டு ஓரம் சக்கரம் ஓடும் திசையிலேயே சரிந்து, மையத்துக்குச் சற்றுக் கீழே தொட வேண்டும். ஓடி வரும் சக்கரத்தை எதிர்த்து ஓரம் நின்றால் தகட்டைக் கையிலிருந்து பிடுங்கி எறியும். லேசாகத் தொட்டு, நிற்காமல் நகர்த்துங்கள். ஒரு பக்க மூலைக்கு ஒரு ஓட்டம், புரட்டி இன்னொரு ஓட்டம், முகத்துக்கு ஒன்று. அழுத்தினால் நைலான் உருகி ஓரத்தில் கறுப்பாகப் பூசிக்கொள்ளும், அது பெயின்டைப் பிடிக்க விடாது. அப்படிப் பூசினால் அசிட்டோனில் துடைத்துவிட்டு அழுத்தத்தைக் குறையுங்கள். சக்கரத்தின் முழு அகலத்தையும் பயன்படுத்துங்கள்.

தகட்டில் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் ஓரத்திலிருந்து 10-12 மி.மீ. மட்டும் உரித்து மடக்கிவிடுங்கள். மீதி அப்படியே இருக்கட்டும், மேசைக் கீறலிலிருந்து காக்கும். உரிக்காமல் சக்கரத்தில் வைத்தால் பசை உருகி எல்லா இடத்திலும் இழுவிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: சாதாரண சாணைக்கல்லில் அலுமினியம். துளைகள் அடைந்து, கல் வெட்டாமல் சூடாகி, வெடித்துச் சிதறக்கூடும்.

சுழல்கத்தி:
கையில் பிடிக்கும் சுழல் பிளேடு கருவியை யாரும் சொல்லலையே. 60 துண்டுக்கு நேரான ஓரங்களை அதில் இழுத்தாலே போதும் ப்ரோ. சக்கரம், தூசி எதுவும் வேண்டாம்.

சக்கரமேசை:
20 மி.மீ. துளைக்கு அதுதான் சிறந்தது, மறுக்கவில்லை. வளைவில் பிளேடு தானே திரும்பிக்கொள்ளும், ஒரே சுற்றில் சுத்தம். ஆனால் நேரான வெட்டு ஓரத்தில் அது மூலையைச் சீவுகிறதே தவிர முகத்திலுள்ள கிழிசலை அப்படியே விட்டுவிடுகிறது. மடிப்பு விழும் ஓரத்துக்கு அது போதாது. மடிப்பு இல்லாத பக்கங்களுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பிளேடை நிமிர்த்திப் பிடித்தால் கடகடவென்று துள்ளும், சாய்த்து ஒரே இழுப்பாக இழுக்கணும்.

ரிவெட்மேசை:
துளைகளைப் பற்றி வேகமாகக் கடந்துவிட்டீர்கள். 3.3 மி.மீ. துளைதான் இதில் அதிகம் கெடுகிற இடம்.

ஒரு நூல் (1/8 அங்குல) ரிவெட்டுக்கான துளை இது. பிசிறு எடுக்கத் துளையைப்போல இரண்டு மடங்கு விட்டமுள்ள ட்ரில் பிட்டை ஒரு கைப்பிடியில் மாட்டி, விரலால் ஒன்று அல்லது இரண்டு சுற்று. துளை வாயில் மெல்லிய மினுக்கு வளையம் தெரிந்தால் நிறுத்துங்கள். வளையம் 0.1 மி.மீ. இருந்தால் போதும். மோட்டார் ட்ரில்லில் பல வெட்டுமுனை கவுண்டர்சிங்க் (துளை வாயைக் கூம்பாகச் சீவும் கருவி) போட்டால் ஒரு நொடியில் பள்ளமாகிவிடும், துள்ளினால் துளை வாய் பலகோணமாகும். மோட்டார்தான் வேண்டுமென்றால் ஒற்றை வெட்டுமுனை அல்லது குறுக்குத் துளை போட்ட கவுண்டர்சிங்க், மிகக் குறைந்த சுற்றில்.

பள்ளம் ஆழமானால் என்ன கெடுதல்? ரிவெட்டின் தண்டைத் தாங்குவது துளைச் சுவர். இரு பக்கமும் 0.4 மி.மீ. சீவிவிட்டால் 1.6-இல் பாதிதான் நேரான சுவராக மிஞ்சும். 0.8 மி.மீ. தகடாக இருந்தால் சுவரே இருக்காது, துளை கத்திமுனையாகிவிடும். மாறாக, பிசிறை விட்டுவிட்டால் இரண்டு தகடும் ஒட்டி உட்காராது. அந்த இடுக்கில் ரிவெட் வீங்கி, இணைப்பு ஆடும். இரண்டு தகடு சேர்த்துத் துளையிட்டால் கழற்றிப் பிரித்து, உள்பக்கம் மாட்டிய சீவலைத் துடைத்து, உள்பக்கப் பிசிறையும் எடுக்க வேண்டும். கழற்றாமல் வெளியே மட்டும் எடுப்பது பலரும் செய்கிற வேலை. பயனில்லை.

துளையைக் குழித்து ரிவெட் தலையை மட்டமாக உட்கார வைக்கிறவர்களுக்கு இது இன்னும் கறார். பிசிறோடு குழித்தால் துளை வாயிலிருந்து ஆரக்கால் விரிசல் விழும்.

வெண்தகடு:
புரிந்தது. கோட்டிங் ஓரத்தில் மெலிவதற்கு எவ்வளவு உருட்டணும்? வரைபடத்தில் "கூர் ஓரம் நீக்குக" என்று மட்டும் போட்டிருக்கிறது.

பூச்சுவேலை:
அந்த ஒரு வரிதான் எல்லாச் சச்சரவுக்கும் காரணம். எண் போடாத குறிப்பை ஒருவர் 0.1 என்று எடுப்பார், இன்னொருவர் 1 மி.மீ. என்று எடுப்பார். ஐஎஸ்ஓ 13715 இதற்கென்றே இருக்கிறது. வெளி ஓரத்தில் கழித்தல் குறியோடு 0.3 என்று போட்டால் பிசிறு கூடாது, அவ்வளவு உலோகம் எடுக்கலாம் என்று பொருள். கூட்டல் குறி என்றால் அவ்வளவு பிசிறு இருக்கலாம்.

பவுடர் மின்னூட்டத்தால் கூர் ஓரத்தில் நன்றாகவே ஒட்டும். கெடுவது அடுப்பில். உருகிய பூச்சு பரப்பு இழுவிசையால் கூர்முனையை விட்டு இரு பக்கமும் விலகுகிறது, முனையில் மெல்லிய தோல்தான் நிற்கிறது. 1.6 மி.மீ. தகட்டுக்கு இரு மூலையிலும் 0.5 மி.மீ. ஆரம் கொடுங்கள், நடுவில் 0.6 மி.மீ. முகம் மிஞ்சும், வலுவும் குறையாது. 1 மி.மீ. தகட்டில் 0.3 போதும். 45 டிகிரி சீவல் மட்டும் கொடுத்தால் ஒரு கூர்முனை இரண்டு மழுங்கிய முனையாகிறது. பரவாயில்லை, ஆனால் உருட்டியதற்கு ஈடாகாது.

தகட்டின் நான்கு வெளி மூலைகளையும் மறக்காதீர்கள். அங்கே மூன்று முகம் கூடுகிறது, பூச்சு முதலில் விட்டுப்போவதும் அங்கேதான். வடிவமைப்பு இடம் கொடுத்தால் 3 மி.மீ. ஆரத்தில் உருட்டிவிடுங்கள்.

ஹார்ட் அனோடைஸ் (மின்வேதி முறையில் அலுமினியத்தின் மேல் வளர்க்கும் கெட்டியான ஆக்சைடு படலம்) என்றால் கணக்கு வேறு. அந்தப் படலம் பரப்புக்குச் செங்குத்தாக வளர்கிறது, கூர் மூலையில் இரு பக்கப் படலமும் சேராமல் இடைவெளி விழும், உதிரும். 25 மைக்ரான் படலத்துக்கு 0.8 மி.மீ. ஆரம், 50 மைக்ரானுக்கு 1.6 மி.மீ. என்பது வழக்கமான அளவு. 1.6 மி.மீ. தகட்டில் 0.8 ஆரம் என்றால் ஓரம் முழுவட்டமாகிவிடும். இது வரைபடம் போடும்போதே முடிவாக வேண்டியது.

அரம்பிடி:
எதை வைத்துத் தேய்க்கிறோம் என்பதும் பூச்சைச் சேர்ந்ததுதான். எமரித் தாளில் இரும்பு ஆக்சைடு இருக்கிறது. அந்தத் துகள் அலுமினியத்தில் பதிந்தால் அங்கே அரிப்பு தொடங்கும், பூச்சுக்கு அடியில் கொப்புளமாக எழும்பும். இரும்புக் கம்பளி, இரும்பு பிரஷ் எல்லாமே இதே கதை. அலுமினியம் ஆக்சைடு உப்புத்தாள்தான் பாதுகாப்பு. இரும்பு தேய்த்த சக்கரத்தையும் ஃபைலையும் அலுமினியத்தில் போடாதீர்கள். தனியாக வைத்து, பிடியில் பெயின்டால் குறி போட்டுவிட்டால் யாரும் மாற்றி எடுக்க மாட்டார்கள்.

2024 போன்ற கலவையின் மேல் தூய அலுமினியத் தோல் ஏற்றிய தகடு பயன்படுத்துகிறவர்கள் இன்னும் கவனம். 1.6 மி.மீ. வரையான தகட்டில் தூய அலுமினியத் தோல் ஒவ்வொரு பக்கமும் தடிமனில் சுமார் 5 சதவீதம்தான். 0.8 மி.மீ. தகட்டில் அது 0.04 மி.மீ. ஓரம் தேய்க்கிற சாக்கில் பரப்பின் மேல் சக்கரத்தை ஏற்றினால் அந்தத் தோல் போய்விடும். வெட்டிய ஓரத்தில் எப்படியும் உள் உலோகம் வெளியே நிற்கிறது, அதற்குப் பிரைமர் கட்டாயம்.

வெண்தகடு:
60 துண்டையும் வைப்ரேட்டரி தொட்டியில் (அதிர்ந்து உரசிப் பிசிறு எடுக்கும் தொட்டி) போட்டுவிட்டால்? லேசர் வெட்டு பற்றியும் கேட்க நினைத்தேன்.

பஞ்ச்டை:
போடலாம், மடிப்புக்கு முன்னால். அலுமினியத்துக்கு பிளாஸ்டிக் மீடியா (தொட்டியில் துண்டோடு உரசும் சிறு கட்டிகள்). செராமிக் கனமானது, பரப்பைக் குத்திக் குழியாக்கும். உங்கள் துண்டு தட்டையானது, ஈரத்தில் இரண்டு தகடு ஒன்றோடொன்று அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டால் உள்பக்கம் மீடியா படவே படாது. ஒரு தடவைக்குக் குறைவாகப் போட்டு, மீடியாவைத் தாராளமாக வைக்கணும். மீடியா அளவு துளையைவிடப் பெரிசாக இருக்கணும், இல்லாவிட்டால் துளையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கணும். நடுத்தரமாக இருந்தால் 20 மி.மீ. துளையில் இரண்டு சேர்ந்து இறுகி நிற்கும், ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்கணும். 3.3 துளைக்கு உள்ளே எதுவும் போகாது, அதைக் கையால்தான் செய்யணும். தொட்டி 0.2-0.3 ஆரம் கொடுக்கும். 0.5 வேண்டுமென்றால் நேரம் நீளும், அந்த நேரத்தில் பரப்பும் மங்கும். 60 துண்டுக்கு நான் சக்கரத்தைத்தான் எடுப்பேன். 600 என்றால் தொட்டி.

லேசரில் நைட்ரஜன் அழுத்தம் குறைந்தாலோ குவியம் தவறினாலோ அடிப்பக்கம் உருகிய மணி கெட்டியாக ஒட்டும். அதை ஃபைலின் ஓரத்தால் தட்டி எடுத்துவிட்டுப் பிறகுதான் சக்கரம். வாட்டர்ஜெட்டில் பிசிறு மிகக் குறைவு, ஆனால் தண்ணீரோடு கலந்து வெட்டும் கார்னெட் துகள் ஓரத்தில் பதிந்திருக்கும். மேலாக ஒரு தேய்ப்பு வேண்டும்.

சக்கரமேசை:
தூசியைப் பற்றி யாரும் சொல்லாததால் நானே சொல்லிவிடுகிறேன், இது சின்ன விஷயமில்லை. நுண்ணிய அலுமினியத் தூசி காற்றில் கலந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். இரும்பு தேய்க்கும் கிரைண்டரின் தூசிப் பையில் அலுமினியத் தூசியைச் சேர்க்கவே கூடாது. இரும்பின் பொறியும் துருவும் அலுமினியத்தோடு ஒரே பையில் இருப்பதுதான் ஆபத்திலேயே பெரிய ஆபத்து. தொடர்ந்து வேலை என்றால் தண்ணீர் வழியாகத் தூசி பிடிக்கும் அமைப்பு. அதன் சேற்றை மூடி வைக்காதீர்கள், ஈர அலுமினியத் தூசி ஹைட்ரஜன் விடும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலோகத் தீக்கான டி வகை அணைப்பான் அல்லது உலர்ந்த மணல்.

தகட்டைத் தூக்கும்போது வெட்டுத் தாங்கும் கையுறை போடுங்கள், சுழலும் சக்கரத்தின் முன் கையுறையைக் கழற்றிவிடுங்கள். இழை மாட்டினால் கையோடு இழுத்துக்கொள்ளும். கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் எப்போதும்.

வெண்தகடு:
எல்லாருக்கும் நன்றி. இப்போது திட்டம்: பஞ்சை சாணை பிடித்து, பிசிறு ஒரே பக்கம் வர வெட்டி, துளைகளைக் கையால் சுற்றி, ஓரங்களைச் சக்கரத்தில் உருட்டி, பிசிறுப் பக்கம் உள்ளே வைத்து மடித்து, துடைத்துக் கோட்டிங். சரிபார்ப்பது எப்படி? விரலால் தடவுவது சரிதானா?

அரம்பிடி:
விரல் வேண்டாம். அலுமினியம் தேய்க்கும் கையில் தோல் தடித்துப்போகும், சின்னப் பிசிறை அது உணராது. பெரிய பிசிறு கிழித்துவிடும். ஒரு சிட்டிகைப் பருத்திப் பஞ்சை ஓரத்தின் மேல் அழுத்தாமல் இரு திசையிலும் இழுங்கள். இழை மாட்டிய இடத்தில் வெள்ளையாக நிற்கும், அங்கே மட்டும் மறுபடி 320. மடிப்புக்கோடு ஓரத்தைத் தொடும் இரண்டு இடத்தையும் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள், குறுக்குக் கோடு ஒன்றும் தெரியக் கூடாது. 60-ஐயும் மடிக்கும் முன் ஐந்தை மட்டும் மடித்து அந்த முனையை லென்ஸில் பார்த்துவிட்டு மீதியைத் தொடருங்கள்.

பூச்சுவேலை:
ஒரு சேர்ப்பு. பஞ்சு மிச்சம் வைத்த இழையைத் துடைத்துவிட்டு அனுப்புங்கள். ஓரத்தில் ஒரே ஒரு இழை நின்றாலும் பவுடர் அதில் ஏறி முடிச்சாகக் காய்ந்துவிடும்.